ரெண்டு பாயிண்ட் வெளுப்பு

"போட்டோவுல இருந்த பொண்ணு எங்கேன்னு அந்தம்மா வாய்விட்டே கேட்டாச்சு. உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"விழுந்துச்சு, நீ சாயா தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னே."

"பின்னே நான் என்ன பறையணும் அஞ்சு?"

"நான்தான் இவ மூஞ்சிக்கு வெள்ளையடிச்சேன்னு பறையணும். ஓணத்துக்குச் சுவருக்கு அடிக்கிற மாதிரி ரெண்டு கோட்டு அடிச்சேன், ஜூலை மழையில கரைஞ்சு போச்சுன்னு பறையணும்."

சொல்லிவிட்டு அஞ்சு சிரித்தாள். பட்டுச் சேலையைக்கூட இன்னும் மாற்றவில்லை. வந்தவர்கள் கையில் எடுத்து, அவளைப் பார்த்த பிறகு தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போன ஜிலேபியை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். அவள் அண்ணன் சுஜித் வாசல் நிலையில் சாய்ந்து, மட்டாஞ்சேரியின் அந்த ஒற்றைச் சந்தில் ஓடும் மழைத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாப்பிள்ளை வீட்டார் ஆட்டோ பிடித்துப் போய் அரைமணி ஆகியிருக்காது.

மாயம்மாள் அடுப்படியில் கப்பைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை கொச்சங்காடியில் ஒரு இஞ்சிக் கிட்டங்கியில். காய்ந்த இஞ்சியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி முக்கிக் காயவைத்து வெள்ளைச் சுக்காக்கி, கப்பலுக்குச் சாக்கு கட்டும் வேலை. விரல் நுனிகளெல்லாம் வெடித்திருக்கும். கப்பையின் பால் அந்த வெடிப்பில் பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான் இஞ்சிக்குச் சுண்ணாம்பு போடறேன். இவன் மனுஷருக்குப் போடறான்," என்றாள். "என் இஞ்சியாவது விலை போகுது."

"அம்மா, வந்தவங்க மட்டும் என்ன பால்ல குளிச்சவங்களா? மாப்பிள்ளையைப் பாத்தியா? மத்தி வறுத்த சட்டி தோத்துப்போகும்."

"ஆம்பளைக்கு என்னடி."

"ஆம்பளைக்கு ஒண்ணுமில்ல," அஞ்சு அடுத்த ஜிலேபியை எடுத்தாள். "ஆனா அந்தம்மா மூஞ்சி மாறினதை நீங்க ரெண்டு பேரும் பாக்கல. நான் பாத்தேன். நான் திரைச்சீலையை விலக்கிட்டு வரேன். அவங்க எனக்குப் பின்னால இன்னொருத்தி வருவான்னு எட்டிப் பாக்கறாங்க. யாரும் வரல. அப்பத்தான் என்னைப் பாத்தாங்க."

சுஜித் திரும்பவில்லை. அவள் சொன்னது அவனுக்குள் வேறொரு இடத்தில் போய் விழுந்தது. அந்த இடம் ஆலுவா. பெரியாற்று மணப்புறத்து மணலில் ஒருவன் எழுந்து நின்று, சுஜித்துக்குப் பின்னால் யாரோ வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பதை அவன் கண்டான்.

அவன் செய்ததில் வஞ்சகம் எதுவும் இல்லை, கைப்பழக்கம்தான். முதலாளி மொய்து இக்காவின் போட்டோ ஸ்டுடியோவில் ஆறேழு வருடமாகக் கம்ப்யூட்டரில் முகங்களைச் சரிசெய்கிறவன் அவன். அங்கே ஒரு கணக்கு உண்டு. பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு பாயிண்ட் வெளுப்பு. கல்யாணப் பேச்சுக்குக் கொடுக்கும் படத்துக்கு ரெண்டு. செத்துப்போனவரின் பழைய படத்தைப் பெரிதாக்கக் கொண்டுவந்தால் அதற்கும் ஒன்று. "மாலை போட்டுச் சுவர்ல தூக்குறதல்லே, போற இடத்துலயாவது வெளுத்து இருக்கட்டும்," என்பார் மொய்து இக்கா. யாரும் கேட்பதில்லை, யாரும் மறுப்பதும் இல்லை. தங்கையின் படம் திரையில் வந்தபோதும் சுஜித்தின் வலதுகை தானாகவே அந்த வெளுப்புக் கோட்டை மேலே தள்ளியது. மூக்கின் ஓரத்தில் ஒரு நிழல் வைத்தது. அஞ்சுவின் முகம் அஞ்சுவின் தூரத்துச் சொந்தக்காரி முகமாக ஆனது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

தன் படத்துக்குச் செய்தபோது மட்டும் கவனித்தே செய்தான். அதற்கு மூன்று பாயிண்ட்.

அது இரண்டாயிரத்து ஆறு. ஆண்களை ஆண்கள் தேடும் தளங்கள் வந்து, எறணாகுளத்து இன்டர்நெட் கடைகளின் பிளைவுட் அறைகள் எந்நேரமும் சாத்தியே கிடந்த காலம். சுஜித் மட்டாஞ்சேரியில் போகமாட்டான். படகு ஏறி அக்கரை போய், பிராட்வேயில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்த கடைக்குப் போவான். முதல் தடவை போனபோது தன் உண்மையான படத்தைத்தான் வைத்தான். ஊர், வயது, உயரம் எல்லாம் கேட்டபிறகு எல்லோரும் கேட்டது ஒன்றையே: வெளுத்திட்டாணோ? சிலர் கேட்கக்கூட இல்லை, தங்கள் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். கறுத்தவர் வேண்டா. பாண்டிகள் க்ஷமிக்கணும். தமிழருக்கு அங்கே அதுதான் பெயர். பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மை. இங்கே பிறந்து, இங்கத்துப் பள்ளியில் மலையாளம் படித்து, தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறவன் அவன். ஆனாலும் படத்தைப் பார்த்ததும் ஒருவன், "அண்ணாச்சி, கட மாறிப் போயி," என்று எழுதிவிட்டு மறைந்தான். அன்றைக்குத்தான் சுஜித் அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, சுஜித் நாயர் ஆனான். அப்பா வெங்கிடாசலம் கார்ப்பரேஷன் சாக்கடையில் இறங்கி வேலைபார்த்துக் காலமானவர். பிள்ளைக்கு மட்டும் அக்கம்பக்கத்தாரைப் பார்த்து மலையாளப் பெயராக வைத்தார். அது இப்படி உதவும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

சுஜித் நாயருக்கு அரவிந்தன் கிடைத்தான். ஆலுவாக்காரன், இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, முப்பத்து நாலு வயது, அம்மாவோடு இருந்தான். வெளுப்பு நிறம், மெல்லிய கண்ணாடி. இருவரையும் சேர்த்தது புத்தகம். மலையாளத்தில் பெயர்த்த ருஷ்ய நாவல்களையும் லத்தீன் அமெரிக்க நாவல்களையும் நூலகத்திலிருந்து எடுத்து, ஸ்டுடியோவில் கரண்ட் போகும் நேரமெல்லாம் வாசிக்கிறவன் சுஜித். பனி பெய்யும் ஊர்களும் ரயில் நிலையத்தில் பிரியும் மனிதர்களும் அவனுக்குக் கொச்சங்காடியைவிட நன்றாகத் தெரியும். அரவிந்தனும் அப்படியே. ஆங்கில எழுத்தில் மலையாளம் தட்டி, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மூன்று புள்ளி வைப்பான். "பெரியாறு மணப்புறத்தை மூடிவிட்டது... நீ இங்கே இருந்திருக்கலாம்... உன்னோடு பேசுவது ஒரு அத்தியாயம் வாசிப்பது போல..." இதை வாசித்துவிட்டு சுஜித் படகில் திரும்பும்போது காயல் வேறு ஏதோ நாட்டு நதி மாதிரி இருக்கும்.

ஒருநாள் அரவிந்தன், ரயிலில் தன் பக்கத்தில் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள் உட்கார்ந்ததையும், பாண்டிகளின் வியர்வை நெடி சட்டையில் ஒட்டிக்கொண்டு போகவில்லை என்பதையும் வேடிக்கையாக எழுதினான். சுஜித் சிரிக்கும் பொம்மை போட்டான். போட்டுவிட்டுத் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தான்.

அரவிந்தன் நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டது, அஞ்சுவைப் பெண் பார்க்க வந்ததற்கு முந்தின நாள். பகலில், மணப்புறத்தில், வெள்ளம் வடிந்த மணலில் உட்கார்ந்து பேசலாம் என்றான். வருகிறேன் என்றுதான் சுஜித் எழுதினான். வெயிலில் கொஞ்சம் கறுத்துப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. ஜிலேபித் தட்டைப் பார்த்தபிறகு அந்த நினைப்பு போனது. திங்கட்கிழமை அக்கரை போய், அம்மாவுக்குச் சுகமில்லை என்று எழுதினான்.

வேலன் விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேலன் அதே சந்துக்காரன், சுஜித்தின் வயசு, கிட்டங்கியிலிருந்து பிராட்வேக்குச் சுக்கு மூட்டை ஏற்றும் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் தோப்பும்படிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் கிடந்த ஒரு மாலையில், ஆட்டோவின் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருக்க, வேலன் சுஜித்தின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டான். சுஜித் கையை எடுக்கவில்லை. ஆனால் பாலம் தாண்டியதும் சொன்னான்: "வேண்டா வேலா. உன்னைப் பாத்தா எனக்குக் கண்ணாடி பாக்கிற மாதிரி இருக்கு." வேலன் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான். பிறகு, "கண்ணாடி பாத்து நீ தலை சீவறதில்லையாடா?" என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீட்டுக்கு வருவதையோ, மாயம்மாளிடம் "சித்தி, ஒரு சாயா" என்று கேட்பதையோ அவன் நிறுத்தவில்லை.

சமீபத்தில் அவன் புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தான்.

"உனக்கு நான் வேண்டா. சரி. அந்தக் கம்ப்யூட்டர்ல என்னையும் ஒருத்தனுக்குக் காட்டிவிடு. எல்லாரும் கண்ணாடிக்குப் பயந்தவனா இருக்கமாட்டான்."

"அதுல தமிழன்னு சொன்னா எவனும் எழுதமாட்டான்டா."

"நீ போடு. நான் சொல்றதை எழுது. வேலன், மட்டாஞ்சேரி. பெட்டி ஆட்டோ, சொந்தம். தமிழ். கறுப்பு. மீன்கறி நல்லா வைப்பான்."

"மீன்கறி வேண்டா."

"அதை விடாதே. அதுதான் மெயின்."

படமும் சுஜித்தே எடுத்தான். இஸ்திரி போட்ட சட்டை, அடர்ந்த மீசை, இடது புருவத்தில் கயிறு அறுந்து அடித்த வெட்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது வேலன் அவன் தோளை அழுத்தினான். "கூட்டாதே. நேர்ல வந்து எவனும் ஏமாறக்கூடாது." கூட்டவில்லை. அவன் கையால் அப்படியே வெளியே போன அடுத்தவர் முகம் அது ஒன்றுதான். வேலனுக்கு பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்கு மலையாளம் தெரியும், ஆங்கில எழுத்து தெரியாது. அதனால் பக்கத்தைத் திறப்பதும் பார்ப்பதும் சுஜித்தின் வேலையானது.

"யாராச்சும்?" என்று வேலன் வாரம் ஒருமுறை கேட்பான்.

"இல்ல."

"மீன்கறியைப் பாத்தும் இல்லையா?"

"இல்லடா."

அது உண்மையாகத்தான் இருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒருநாள் வேலனின் பக்கத்தில் ஒரு கடிதம் கிடந்தது. வாக்கியத்தின் முடிவில் மூன்று புள்ளி. அனுப்பியவன் பெயரைப் பார்க்கும் முன்பே அது அரவிந்தன் என்று சுஜித்துக்குத் தெரிந்துவிட்டது.

"எடா, நீ லோடிங்கா? எனிக்குக் கறுத்த சரீரம் இஷ்டமாணு... பேச்சும் சம்சாரமும் ஒண்ணும் வேண்டா... வியாழன் உச்சைக்கு ஆலுவா வா... ஸ்டேஷன் பின்னால் லாட்ஜ். முன்வாசல்ல வராதே, பின்படி உண்டு... குளிச்சிட்டு வா."

திரையில் பக்கத்து ஜன்னலில் சுஜித் நாயருக்கு அதே நாளில் எழுதிய கடிதம் திறந்திருந்தது. "அம்மாவுக்கு இப்போ எப்படி... நீ சொன்ன நாவலை ஆரம்பித்துவிட்டேன்... மெதுவாக வாசிக்கிறேன், தீரக்கூடாது என்று..."

இரண்டையும் மாறி மாறி வாசித்தான். கோபம்தான் வந்திருக்க வேண்டும், வந்தது. ஆனால் அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. கறுத்த உடல் இஷ்டம் என்று அவன் எழுதியிருந்தான். இஷ்டம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மீதி வாக்கியங்களைக் காதில் போட்டுக்கொள்ளாத மனசு சுஜித்துக்கு. எந்தப் பாயிண்டும் கூட்டாமல் அந்த மனிதனின் பக்கத்தில் இருக்க ஒரு வழி தெரிந்தது. வேலனின் பேரில், "வரேன் சார்," என்று தட்டினான்.

வேலனிடம் வழக்கம்போல, "இல்ல," என்றான்.

வியாழக்கிழமை மொய்து இக்காவிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, கைலி கட்டி, கைமடித்த பழைய சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். அஞ்சு வேலைக்குப் போகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிராட்வேயில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக்காட்டும் வேலை அவளுக்கு.

"இது என்ன கோலம்? மூட்டை தூக்கப் போறியா?"

"ஒரு கூட்டுக்காரனுக்கு வீடு மாத்தறாங்க."

"அண்ணே, இனி ஒரு இடம் வந்தா போட்டோ கொடுக்காதே. நேரா வந்து பாக்கட்டும். பிடிக்கலைன்னா சாயாவாவது முழுசாக் குடிச்சிட்டுப் போவாங்க." பின்னலை முதுகுக்குப் பின்னால் எறிந்தாள். "நான் அம்மாகிட்டயும் பறைஞ்சாச்சு."

ரயிலில் இடம் இருந்தும் அவன் கதவோரம் நின்றே போனான். ஆலுவாவில் மழை பெருத்தது. லாட்ஜின் பின்படி இரும்புப் படி. ஓட்டல் அடுப்படிக் கழிவு அதனடியில் தேங்கிக் கிடந்தது. சுஜித்துக்கு மீசை இல்லை, புருவத்தில் வெட்டு இல்லை, வேலனைவிட ஒரு சாண் உயரம் குறைவு. பார்த்ததும் ஆள் வேறு என்று அரவிந்தன் சொல்வான். அப்போது உண்மையைச் சொல்லிவிடலாம், நான்தான் சுஜித் என்று. அந்தப் படிகளில் ஏறும்போது அதைத்தான் தயார் செய்துகொண்டிருந்தான், நல்ல மலையாளத்தில்.

கதவைத் திறந்த அரவிந்தன் அவனை ஒருதடவை மேலும் கீழும் பார்த்தான்.

"மீச எடுத்தோ?"

சுஜித்தின் கை மேலுதட்டைத் தடவியது.

"அதும் கொள்ளாம், நல்லதாணு. உள்ளே கேறிக்கோ, வேகம்."

அவ்வளவுதான். அந்த மனிதனுக்கு மீசை ஒன்றுதான் குறைந்தது. முகம் குறையவில்லை. தயார் செய்துவைத்த வாக்கியத்தை விட்டுவிட்டு சுஜித் உள்ளே போனான். ஜன்னல் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அரவிந்தன் பையிலிருந்து வீட்டுத் துவர்த்துத் துண்டு ஒன்றை எடுத்துக் கட்டிலின் மேல் விரித்தான். அதில் மட்டும் படுக்க வேண்டும் என்று கையால் காட்டினான். சோப்பை நீட்டி, "குளிச்சிட்டா வந்தது? இன்னும் ஒரு தடவ குளிச்சோ," என்றான். இடையில் எப்போதோ சினிமாவில் கேட்ட தமிழில், "இன்னாபா, நல்லாக்கீதா," என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டான். சுஜித் அந்தக் கழுத்தின் வெளுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மாதக்கணக்கில் அவன் நினைத்து நினைத்து வந்த கழுத்து. அது அருகில் வந்தபோதும், போனபோதும், அவன் பெயரை யாரும் அங்கே கேட்கவில்லை.

முடிந்து கைலியைக் கட்டும்போது மேசையில் அந்தப் புத்தகம் இருப்பதைக் கண்டான். பனி பெய்யும் ஊர்க் கதை. அவன் வாசிக்கச் சொன்னது. கை தானாக அதன் மேல் போனது.

"தொடவேண்டா." அரவிந்தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினான். பிறகு, வேலை முடிந்த நிம்மதியில் கொஞ்சம் பேச்சு வந்தது. "நினக்கு இதொக்க எந்து மனசிலாவும். என்னோட ஒரு கூட்டுகாரன் பறஞ்ஞிட்டு வாசிக்கிறதாணு. ஆள் வேற தரமாணு."

"அவரு எப்படி இருப்பாரு சார்?" சுஜித் தமிழில் கேட்டான். குரல் வேலனுடையது மாதிரி வந்தது.

அரவிந்தன் புத்தகத்தைத் திறந்தான். பக்கத்துக்கு அடையாளமாக ஒரு தாள் வைத்திருந்தான், ஆபீஸ் பிரிண்டரில் எடுத்த படம். அதை வெளிச்சத்துப் பக்கம் பிடித்துத் தூரத்திலிருந்து காட்டினான்.

"கண்டோ? இதாணு முகம்."

சுஜித் பார்த்தான். மூன்று பாயிண்ட் வெளுத்து, மூக்கோரம் நிழல் வைத்து, தன் கை செய்த முகம். அதையும் அவனையும் ஒரே நேரத்தில் ஒரு முழத் தூரத்தில் வைத்துக்கொண்டு நின்ற அந்த மனிதன், படத்தை மட்டும் பார்த்துப் புன்னகை செய்தான். அப்படி ஒரு மென்மையான புன்னகையை அன்று மதியம் முழுக்க அந்த முகத்தில் சுஜித் பார்த்திருக்கவில்லை.

"நல்லாருக்காரு சார்," என்றான்.

"ம். நீ போ. படியில் ஆள் உண்டோ நோக்கிட்டு இறங்கு."

திரும்பி வந்தபோது வீட்டில் வேலன் மாயம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து கப்பையும் மத்திக்கறியும் தின்றுகொண்டிருந்தான்.

"சித்தி, புளி குறைச்சல். இதை நான் வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்போ நீ வந்து வை. சம்பளம் தரேன்."

"பல்லு எடுத்தாச்சா?" வேலன் சுஜித்தைப் பார்த்தான். "ஸ்டுடியோவுக்குப் போனேன், இக்கா சொன்னார். எந்தப் பல்லு?"

"எடுக்கல."

"மூஞ்சி எடுத்த மாதிரி இருக்கு." மீன் முள்ளைத் தட்டோரம் வைத்தான். "ஞாயிற்றுக்கிழமை அக்கரை போறியா? நானும் வரேன்."

"நீ எதுக்கு? நான் பாத்துச் சொல்றேன்."

"நீ சொல்றது எப்பவும் ஒண்ணுதான். எனக்கு என் படம் அதுல எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"ஸ்டுடியோவுல பாத்தியே."

"ஸ்டுடியோவுல இருக்கறது நீ பாக்கிற படம். அது ஊரு பாக்கிறது."

 நடுவில் ஒருநாள் தனியாகப் போய் வேலனின் பக்கத்தையே அழித்துவிடலாம் என்றுதான் சுஜித் நினைத்தான். சனிக்கிழமை படகுத்துறைவரை போனான். மழையில் நின்றுவிட்டுத் திரும்பினான். அழித்தால், இஷ்டம் என்று எழுதிய அந்த வரியும் போய்விடும். அது ஒன்றுதான் தடுத்தது. அதை நினைக்கும்போது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு மதியம் வேலன் படத்தில் போட்டிருந்த அதே சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தான். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தான். அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்பது போல. பிராட்வேயில் கடைகள் பாதி சாத்தியிருந்தன. மாடியில் பிளைவுட் அறைக்குள் ஒரே நாற்காலி. வேலன் பின்னால் நின்று, குனிந்து, சுஜித்தின் தோளில் தாடையை வைக்காத குறையாகத் திரையைப் பார்த்தான்.

கை பழக்கத்தில் முதலில் சுஜித் நாயரின் பக்கம்தான் திறந்தது. "இந்தவாரம் மனசு சரியில்லை... என்னவோ அழுக்கு ஒட்டின மாதிரி... உன்னைப் பகலில், வெளிச்சத்தில் ஒருதடவை பார்த்தால் சரியாகிவிடும்..."

"இது யாரு, வெள்ளைக்காரன் மாதிரி?" வேலன் மூலையில் இருந்த சின்னப் படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு மெதுவாக, "அட, நீ," என்றான்.

அரவிந்தனுக்குத் தெரியாதது இவனுக்கு ஒரு மூச்சில் தெரிந்துவிட்டது. சுஜித் அந்தப் பக்கத்தை மூடினான்.

வேலன் இன்னும் குனிந்தான். "என்னோடதைத் திற," என்றான்.

திறந்தான். மீசையும் புருவ வெட்டுமாக வேலன் திரையில் வந்து நின்றான். அதன் கீழே, நேற்றைய தேதியில், புதிதாக வரிகள் இருந்தன. கழிஞ்ஞ வியாழன் நல்லாயிருந்நு... வரும் வியாழனும் வா... அதே பின்படி, அதே ரூம்... வாய் திறந்து சம்சாரிக்காதே, நீ சம்சாரிச்சால் எனிக்கு மூடு போகும்...

வேலனின் மூச்சு சுஜித்தின் காதில் சூடாகப் பட்டது. அவன் கை நீண்டு, திரையைத் தொடாமல், தன் படத்துக்குக் கீழே இருந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டியது.

"சுஜி, இது எனக்கு வந்ததுதானே? எவ்வளவு எழுதியிருக்கான் பாரு," என்றான். குரல் தணிந்திருந்தது. "ஒண்ணும் விடாம, முதல்லேர்ந்து வாசிச்சுச் சொல்லு."